தூர்மலை டிரம்

தூர்மலைக்கு எந்த வரைபடத்திலும் பெயர் கிடையாது. காத்திவாக்கத்தில் கேட்டால் கை காட்டுவார்கள். திருவொற்றியூர் தாண்டிக் கேட்டால், "மலையா? இங்கயா?" என்று சிரிப்பார்கள். சிரிப்பதிலும் தப்பில்லை. இந்த ஊர்ப் பெண் சில்வியா பிறப்பதற்கு முன்னால் முகத்துவாரத்தைத் தூர் வாரியவர்கள் அள்ளிய சேற்றையும் மணலையும் கரையில் கொட்டிவிட்டுப் போனார்கள். எடுத்துப்போக யாரும் திரும்பி வரவில்லை. மண் இறுகியது. சீமைக்கருவேலம் முளைத்தது. மழைத்தண்ணீர் ஓடி ஓடித் தானே ஒரு வழி வெட்டிக்கொண்டது. அப்படியே மலையாகிவிட்டது.

ஏறிப் பார்த்தால்தான் தெரியும். மேற்கே கழிமுகமும் அதில் இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களும். வடக்கே புகைபோக்கிகள். தெற்கே கரை வளைந்து வளைந்து போய், கிரேன்கள் கொக்கு மாதிரி நிற்கிற இடத்தில் மங்கிவிடும். கிழக்கே கடல், கடல், கடல்.

உச்சியில் ஒரு டிரம் இருந்தது. பழைய எண்ணெய் டிரம்; பாதிக்கு மண் போட்டு, வெளியே சுண்ணாம்பு அடித்தது. அந்தோணியார் திருநாளுக்கு முன்னால் முதல் சுண்ணாம்பு அதற்குத்தான். அப்புறம்தான் கோயில் சுவருக்கே அடிப்பார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் அதில் சாய மாட்டார்கள். மலைமேல் வந்து உட்காருகிற காதல் ஜோடிகள் மரத்தில் பெயர் கீறுவார்கள், டிரம்மைத் தொட மாட்டார்கள். குடித்துவிட்டு வருகிறவன்கூட சுற்றிக்கொண்டுதான் போவான்.

காரணம் இதுதான். முகத்துவாரத்துக்கு வடபுறம், தண்ணீருக்கு அடியில், எப்போதோ முழுகின ஒரு பார்ஜ், சரக்கு ஏற்றுகிற பெரிய தட்டைப் படகு, கிடந்தது. அந்த இரும்புப் பிணத்தை எடுக்கச் சொல்லி ஊர்க்காரர்கள் ஏறாத படியில்லை. எடுக்கவில்லை. எனவே ஊரே ஒரு வழி செய்துகொண்டது. கரையோரம் ஒரு கம்பம், அதற்குப் பின்னால் மலைமேல் வெள்ளை டிரம். கடலிலிருந்து வரும்போது கம்பத்துக்கு நேர் மேலே டிரம் தெரிந்தால் அதுதான் வழி. அந்தக் கோட்டைப் பிடித்து உள்ளே வரவேண்டும். டிரம் கொஞ்சம் தெற்கே நகர்ந்தாலும் கோடு திரும்பி, படகு வடக்கே போய்விடும். வடக்கேதான் பார்ஜ். போன வருஷம் பனிமூட்டத்தில் டிரம் தெரியாமல் குத்துமதிப்பாக உள்ளே வந்த லூயிஸ் மாமாவின் படகு அதில் கிழிந்தது. அவர் இன்றைக்கும் காலை இழுத்துத்தான் நடக்கிறார்.

இவ்வளவு முக்கியமான டிரம்மை ஏன் அசையாதபடி கட்டி வைக்கவில்லை என்று வெளியாள் கேட்கலாம். ஊரில் யாருக்கும் அது தோன்றியதே இல்லை. யாரும் தொடாததை எதற்குக் கட்டுவது?

வெள்ளிக்கிழமை சாயந்தரம், வலை தைத்துக்கொண்டிருந்த லூர்துவிடம் ஒருவர் வந்தார். தலையில் தொப்பி, கையில் தண்ணீர் பாட்டில், நல்ல உயரம். நாளைக் காலையில் ஒரு குழுவாக மலையேற வருகிறோம், வழி சொல்ல முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். லூர்து மகளைக் கூப்பிட்டார்.

"ஏய் சில்வியா, நாளைக்கு ஸ்கூலு லீவு தானே? இவுங்களக் கொஞ்சம் மேல இட்டுனு போ. முள்ளுல மாட்டிக்கப் போறாங்கோ, பாவம்."

"நீ எப்ப நைனா வருவ?"

"நானும் அம்புரோஸும் விடியறதுக்கு முன்னாடி போறோம். வெயில் ஏறறதுக்குள்ள வந்துருவோம். மேலருந்து பாரு, தெரிவேன். கை காட்டு."

மறுநாள் வேனில் வந்து இறங்கியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி வெள்ளை டீ ஷர்ட் போட்டிருந்தார்கள். நெஞ்சில் பச்சை எழுத்தில் "மலையை மீட்போம்" என்று இருந்தது. சில்வியா அதைப் படித்துவிட்டு, யாரிடமிருந்து என்று கேட்கலாமா என்று பார்த்தாள். கேட்கவில்லை. பிளஸ் ஒன் படிக்கிற பெண், விருந்தாளியிடம் முதல் வார்த்தையே அப்படிப் பேசக்கூடாது.

அவள் முன்னால் நடந்தாள். வளைந்து நின்ற கிளைகளைக் கையால் ஒதுக்கிப் பிடித்து, பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிட்டாள். இலைமேல் படிந்திருந்த புகைபோக்கிச் சாம்பல் அவள் கையில் ஒட்டியது. பின்னால் தொப்பிக்காரர் போனைத் தூக்கிப் பிடித்துப் பேசிக்கொண்டே வந்தார்.

"எவ்ளோ அமைதியான இடம் பாருங்க. சென்னையிலேயே இப்படி ஒரு மலை இருக்கிறது யாருக்குமே தெரியாது."

"எங்களுக்குத் தெரியும் சார்," என்றாள் சில்வியா.

"அது சரிம்மா. நான் சொல்றது, வெளியில."

கொஞ்ச தூரத்தில் குழுவில் பாதிப் பேர் கறுப்புப் பைகளை எடுத்து விரித்தார்கள். வழியில் கிடந்த தண்ணீர் பாக்கெட், பிஸ்கட் கவர், பாட்டில் எல்லாவற்றையும் பொறுக்க ஆரம்பித்தார்கள். அது சில்வியாவுக்குப் பிடித்திருந்தது. அவளும் குனிந்து நாலைந்து பாட்டில் எடுத்துப் போட்டாள். டிரம்மைப் பற்றி அவர்களிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. வீட்டுக்கு வருகிற விருந்தாளியிடம், அடுப்பில் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள் என்று யாராவது சொல்லி வைப்பார்களா?

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பச்சை ஷூ போட்டிருந்த ஓர் அக்கா "அம்மா!" என்று கத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கருவேலமுள் ஷூவின் அடியைக் குத்திக்கொண்டு பாதத்தில் ஏறியிருந்தது. மற்றவர்கள் மேலே போய்விட்டார்கள். சில்வியா கழுத்துச் சங்கிலியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினாள்.

"வலிக்குமா?"

"கத்துனா வலிக்கும்க்கா. கத்தாத இருந்தா அவ்ளோ வலிக்காது."

அந்த அக்கா சிரித்துவிட்டாள். சில்வியா தோலை ஒதுக்கி முள்ளின் முனையை நெம்பிக்கொண்டிருக்கும்போது மேலே கைத்தட்டல் கேட்டது. "ஒன், டூ, த்ரீ!" என்று யாரோ கத்தினார்கள். அப்புறம் தடதடவென்று கனமாக ஏதோ உருளுகிற சத்தம். கிளைகள் முறிந்தன. சத்தம் நின்றது. மறுபடியும் கைத்தட்டல்.

முள் வந்துவிட்டது. சில்வியா அதைக் கீழே போட்டுவிட்டு மேலே ஓடினாள்.

டிரம் இல்லை. அது இருந்த இடத்தில் புல் முளைக்காத வட்டம் மட்டும், வழித்த தட்டு மாதிரி, வெளுப்பாக இருந்தது.

"சார், டிரம்மு எங்க?"

தொப்பிக்காரர் திரும்பினார். முகமெல்லாம் சந்தோஷம். "துரு பிடிச்ச டிரம் ஒண்ணு இருந்துதும்மா. எல்லாரும் சேர்ந்து தள்ளிட்டோம். கீழே போய் வேன்ல ஏத்திடலாம்னு. உங்க மலையை இன்னைக்குச் சுத்தம் பண்ணிட்டோம்!"

சில்வியா விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தாள். டிரம் அடிவாரம் வரை போகவில்லை. சரிவில் தெற்கே சாய்ந்து உருண்டு, பாதியில் ஒரு கருவேலப் புதரில் சிக்கி, நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. காலை வெயில் நேராக அதன்மேல் அடித்தது. சுண்ணாம்பு பளீரென்று தெரிந்தது.

டிரம் காணாமலே போயிருந்தால் பயமில்லை. குறி தெரியவில்லை என்று நைனா வெளியிலேயே நின்று பார்ப்பார். இது அப்படியில்லை. அலையில் ஆடுகிற படகிலிருந்து மலை ஒரு பச்சைக் கோடுதான். அதில் வெள்ளையாக ஒரு புள்ளி. அது மேலே இருக்கிறதா பாதியில் இருக்கிறதா என்று யார் அளக்கப் போகிறார்கள்? வெள்ளையைக் கம்பத்தோடு சேர்ப்பார்கள். சேர்த்தால் நேரே பார்ஜ்.

கடலைப் பார்த்தாள். நங்கூரம் போட்ட கப்பல்களுக்கு இந்தப் பக்கம் மூன்று படகுகள் வந்துகொண்டிருந்தன. முன்னால் வந்ததில் மஞ்சள் பட்டை. நைனாவின் படகு.

போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இஞ்சின் சத்தத்தில், பிளாஸ்டிக் பையில் சுற்றி டப்பாவுக்குள் வைத்த போன் யாருக்குக் கேட்கும்?

"சார், அத்த உடனே மேல ஏத்தணும்! அது எங்க குறி. அத்தப் பாத்துதான் படகெல்லாம் உள்ள வரும். எங்க நைனா வந்துகினு கீறாரு சார்!"

"இரும்மா, இரு. முதல்ல மூச்சு விடு." தொப்பிக்காரர் உள்ளங்கையைக் காட்டினார். "இப்பெல்லாம் படகுல ஜிபிஎஸ் இருக்குமே?"

"அடியில கெடக்கற பார்ஜ் உங்க ஜிபிஎஸ்ல தெரியுமா சார்?"

"இவ்ளோ முக்கியம்னா அங்க ஒரு போர்டு வச்சிருக்கணும் இல்லையா?" என்றான் கூலிங் கிளாஸ் போட்ட பையன் ஒருவன். அவன்தான் ஒன், டூ, த்ரீ சொன்னவன், குரலிலேயே தெரிந்தது. அவனுக்குப் பக்கத்தில் நின்ற பெண் போனை சில்வியாவின் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள்.

அதுவரை சில்வியாவுக்குப் பயம் மட்டும்தான் இருந்தது. போர்டு என்ற வார்த்தையைக் கேட்டதும் அந்தப் பயத்துக்குள்ளிருந்து வேறொன்று எழுந்தது. பார்ஜை எடுக்காமல் விட்டவர்களுக்குப் போர்டு வேண்டியிருக்கவில்லை. மண்ணைக் கொட்டிவிட்டுப் போனவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. இலைக்கு இலை சாம்பல் பூசுகிறவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. அவளுடைய ஊர் மட்டும் ஒவ்வொன்றுக்கும் போர்டு எழுதி, இது எங்களுடையது, இது எங்கள் உயிர் என்று மாட்டி வைக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் அது குப்பையாம்.

"உங்க வூட்டு வாசப்படிய நான் வந்து பேத்துட்டு, போர்டு வெக்கலியேன்னு கேட்டா சும்மா இருப்பியா?" என்றாள். குரல் கீச்சிட்டது. அவள் நிறுத்தவில்லை. "வந்தீங்கோ, வழி காட்டுனேன். முள்ளு குத்துச்சி, எடுத்து வுட்டேன். ஒரு வார்த்த, இது இன்னான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? பொண்ணு கீழதானே கீறான்னு கூப்ட்டீங்களா?"

நொண்டிக்கொண்டே மேலே வந்து சேர்ந்த பச்சை ஷூ அக்காதான் கேட்டாள். "இப்ப என்ன செய்யணும்? சொல்லு."

என்ன செய்ய வேண்டும்? பாதிக்கு மண் இருந்த டிரம்மைச் சரிவில் மேலே ஏற்ற நேரமில்லை. கீழே இருக்கிற வெள்ளை தெரியக்கூடாது. மேலே ஒரு வெள்ளை தெரிய வேண்டும். சில்வியா சுற்றிலும் பார்த்தாள். உச்சி முழுக்க வெள்ளை டீ ஷர்ட்டுகள்.

"சார், நீ இங்க வா."

தொப்பிக்காரர் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையோ கூப்பிடுகிறாளோ என்று.

"உன்னத்தான். நீதான் உசரமாவும் கீற. தொப்பியக் கயட்டு. இந்த வட்டத்துல நில்லு. கை ரெண்டையும் மேல தூக்கு. நான் சொல்றவரிக்கும் அசையக்கூடாது."

"நான் எதுக்கும்மா..."

"டிரம்மத் தள்ளிட்ட இல்ல? இப்ப நீதான் டிரம்மு. நில்லு!"

அவர் நின்றார். ஏன் நின்றார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"மத்தவங்க எல்லாம் அந்தப் பக்கம் போயி குந்துங்கோ. கடல்லருந்து ஒர்த்தர் தல தெரியக்கூடாது. வெள்ளையா ஒண்ணே ஒண்ணு தான் தெரியணும்."

சொல்லிக்கொண்டே கறுப்புப் பைகளை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள். பொறுக்கின பாட்டிலும் கவரும் உச்சியெங்கும் சிதறின.

"அய்யோ, காலையிலேர்ந்து பொறுக்கினது!" என்றாள் போன் பிடித்திருந்த பெண்.

"மறுபடி பொறுக்கிக்கோ."

பைகளைச் சுருட்டிக்கொண்டு சரிவில் இறங்கினாள். வழி இல்லாத பக்கம் அது. முள் சுடிதாரைப் பிடித்து இழுத்தது, கையைக் கீறியது. மண் சரிந்து கொஞ்ச தூரம் உட்கார்ந்தே போனாள். டிரம்மின்மேல் பைகளைப் போர்த்தினாள். காற்று ஒரே வீச்சில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போனது. மற்றவையும் படபடவென்று தூக்கிக்கொண்டு, அடியில் வெள்ளை தெரிந்தது. கட்டக் கயிறு இல்லை. எனவே அவளே டிரம்மின்மேல் கவிழ்ந்து படுத்து, இரண்டு கையாலும் பைகளை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். நல்ல வேளை, சுடிதார் கத்தரிப்பூ நிறம்.

அங்கிருந்து கடல் தெரிந்தது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

மஞ்சள் பட்டை வடக்கே சாய்ந்துதான் வந்துகொண்டிருந்தது. முன்னால் அம்புரோஸ் மாமா நின்றிருந்தார். அவர்தான் குறி பார்க்கிறவர். படகின் மூக்கு, தண்ணீர் நிறம் மாறிச் சுழிக்கிற இடத்தை நோக்கி இருந்தது. அந்த இடம் சில்வியாவுக்குத் தெரியும். ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

"அந்தோணியாரே, அந்தோணியாரே," என்றாள். அதற்கு மேல் ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை.

"ஏம்மா! கை வலிக்குதும்மா!" மேலேயிருந்து தொப்பிக்காரர் கத்தினார்.

"எறக்குன, அவ்ளோதான்!"

அம்புரோஸ் மாமா கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். திரும்பி லூர்துவிடம் என்னவோ சொன்னார். இஞ்சின் சத்தம் இறங்கியது. ஓர் அலை படகைத் தூக்கி வடக்கே இன்னும் கொஞ்சம் தள்ளியது. சில்வியா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது படகின் மூக்கு தெற்கே திரும்பிக்கொண்டிருந்தது. மெதுவாக, சந்தேகமாக, தெரியாத தெருவில் வீட்டைத் தேடுகிற ஆள் மாதிரி. அப்புறம் கோட்டைப் பிடித்தது. இஞ்சின் சத்தம் கூடியது. மஞ்சள் பட்டை சுழிப்பை ஒட்டியே கடந்து, கம்பத்தைத் தாண்டி, முகத்துவாரத்துக்குள் புகுந்தது.

உச்சியில் கைத்தட்டல் கேட்டது. தொப்பிக்காரரின் குரலும் கேட்டது. கை தூக்கியபடியே, எதிரே பிடித்த போனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"நண்பர்களே, இன்னைக்கு நம்ம குழு ஒரு மீனவர் படகைக் காப்பாத்தியிருக்கு..."

சில்வியா டிரம்மின்மேல் படுத்தபடியே கத்தினாள்.

"நீ காப்பாத்தல! கொல்லப் பாத்த! அத்தயும் சேத்து சொல்லு!"

அவர் வாயை மூடிக்கொண்டார். மற்ற இரண்டு படகுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அதுவரை அவள் அசையவில்லை. அவரும் அசையவில்லை.

கடைசிப் படகு உள்ளே போனதும் அவள் மேலே ஏறி வந்தாள். கீழே இறங்குகிற ஒற்றையடிப் பாதையின் தலைப்பில் போய் நின்றுகொண்டாள். முழங்கையிலிருந்து ரத்தம் சொட்டியது.

"டிரம்மு மேல ஏறாம ஒர்த்தரும் எறங்கக்கூடாது."

"பாப்பா, வேன் காத்திட்டிருக்கு. டிபனுக்குச் சொல்லி வச்சிருக்கோம். நாங்க நாளைக்கே ஆள் அனுப்பி..." என்று இழுத்தார் தொப்பிக்காரர்.

"பார்ஜ எடுக்கறவங்களும் நாளைக்குன்னு தான் சொன்னாங்கோ."

பச்சை ஷூ அக்கா நொண்டிக்கொண்டு வந்து சில்வியாவின் பக்கத்தில் பாதையை மறித்து உட்கார்ந்தாள். "நானும் வரல. தள்ளத் தெரிஞ்சவங்களுக்கு ஏத்தவும் தெரியணும்," என்றாள்.

ஏற்றினார்கள். கூலிங் கிளாஸ் பையன் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு முதலில் இறங்கினான். தள்ளும்போது தட்டினது மாதிரி இப்போது யாரும் கை தட்டவில்லை. வெள்ளை டீ ஷர்ட்டுகளெல்லாம் துருவும் மண்ணுமாக ஆனபோது டிரம் அதன் வட்டத்தில் உட்கார்ந்தது.

அன்று சாயந்தரம் லூர்துவும் அம்புரோஸும் மலையேறி வந்தார்கள். சில்வியா முன்னால் நடந்தாள். லூர்து டிரம்மைச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. சுண்ணாம்பு உரிந்த இடங்களில் துரு, புண் மாதிரி சிவந்திருந்தது. அவர் அதைக் கையால் தடவினார்.

"நான் கூட அம்புரோஸாண்ட சொன்னேன், டிரம்மு இன்னாடா ஒரு தபா கீழ கீது, ஒரு தபா மேல கீது, அப்பால ஆடிகினு கீதுன்னு."

சில்வியாவின் போனில் செய்தி வந்தது. தோழி ரிஃபானா ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். "மீனவர்களுக்கு வழிகாட்டிய தன்னார்வலர்" என்று தலைப்பு, தொப்பிக்காரர் கைகளை உயர்த்தி நிற்கிறார், பின்னால் கடல், கீழே வரிசையாக இதயக் குறிகள். "இது உங்க மலைதானே? உன்ன எங்கடி காணோம்?" என்று ரிஃபானா கேட்டிருந்தாள்.

சில்வியா கொஞ்சம் தள்ளிப் போய், போனை வாயருகே வைத்துத் தாழ்ந்த குரலில் பேசி அனுப்பினாள். "நான் கீழ டிரம்மு மேல படுத்துகினு கெடந்தேன்டி. நைனா போயிருவாருன்னு நெனச்சேன். அம்மாவாண்ட சொல்லிடாத."

அம்புரோஸ் வீடியோவை வாங்கிப் பார்த்துவிட்டு, லூர்து பக்கம் திரும்பி வாய்விட்டுச் சிரித்தார். "இவுரா டிரம்மு? சோக்கா கீறாரு! மாமு, நம்ம டிரம்முக்குத் தொப்பை கெடையாதே!"

"சிரிக்காத மாமா," என்றாள் சில்வியா.

அவர் போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

லூர்து தோளில் மாட்டி வந்த கோணிப்பையைக் கீழே வைத்தார். உள்ளே நங்கூரச் சங்கிலி ஒரு துண்டும், நீளமான இரும்புக் கம்பிகளும், சுத்தியலும் இருந்தன. எடுத்து வெளியே வைத்தாரே தவிர, வேலையை ஆரம்பிக்க மனம் வராதவர் மாதிரி குந்திக்கொண்டே இருந்தார்.

"கோயிலுக்குப் பூட்டு கீது. இஞ்சினுக்குப் பூட்டு கீது. வூட்டுக்கும் பூட்டு கீது," என்றார். "இதுக்கு மட்டும் தான் இல்லாத இருந்துச்சி."

அவர் முகத்தைப் பார்க்க சில்வியாவுக்குப் பொறுக்கவில்லை. அடிபட்டவர்கள் இவர்கள், வெட்கப்படுகிறவர்களும் இவர்கள்தானா?

"சுத்திய என்னாண்ட குடு நைனா."

"கைல காயம் கீதுடி."

"குடு."

சங்கிலியின் வளையத்துக்குள் கம்பியை விட்டு அவர் பிடித்துக்கொண்டார். அவள் இரண்டு கையாலும் சுத்தியலை ஓங்கி அடித்தாள். கடல் வரைக்கும் சத்தம் கேட்டிருக்கும். கம்பி மண்ணுக்குள் கொஞ்சம்தான் இறங்கியது. மறுபடியும் ஓங்கினாள்.